கடைசித் தட்டு வரும்வரை

ரொக்காமூத்தா
9 டிசம்பர் 1963, இரவு

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் பெண்களிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அடுப்பு இல்லையென்றால் கிழித்துத் தண்ணீரில் ஊறவை. நான் உனக்கு எழுதினேன் என்று தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று உனக்கே தெரியும். நீ போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயர் கிடையாது. எர்சீலியா அத்தை உன்னைப் பற்றிப் பேச வேண்டுமானால் உன் நாற்காலியை மோவாயால் காட்டுகிறாள்.

உன் விலாசத்தைப் பஸ் ஓட்டும் பான்ஃபிலோ மாமா கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது என்னைக் கடைசியாக இறங்க வைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னார். "பாப்பா, உங்கம்மா தூரின்ல இருக்கா. எழுதணும்னா எழுதி எங்கிட்ட குடு. இங்க பெட்டியில போட்டுடாத, தபால்காரன் உங்கப்பாவோட சீட்டாடுறவன். நான் கீழ அவெஸ்ஸானோல போட்டுடறேன்." பதிலை அவர் பெயருக்கு அனுப்பு.

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலில் எழுதினால்தான் மற்றது வரும். போன ஜனவரியில் வனத்து அந்தோணியார் விருந்தில், வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, நீ கரண்டியைக் கீழே வைத்தாய், சால்வையை எடுத்தாய், போய்விட்டாய். நான் கொப்பரைக்கு அந்தப் பக்கம் கிண்ணம் அடுக்கிக்கொண்டு நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நூன்சியா பெரியம்மா செத்துப்போனதால்தான் போனாய் என்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தி மறுநாள்தானே ஊருக்கு வந்தது? யாரைக் கேட்டாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

கடைசித் தட்டு வருமுன் யாரும் விட்டுப் போகக்கூடாத சாமி மேசையை நீ விட்டுப் போனதால், இப்போது ஊரில் நம் வீட்டுக்கு 'மேசையை விட்டு எழுந்த வீடு' என்று பெயர். நம் கோவேறு கழுதை காலை உடைத்துக்கொண்டதும் அதனால்தான். மேட்டு வயலில் உருளைக்கிழங்கு அழுகியதும் அதனால்தான். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ரொசாரியாவுக்குச் சளி பிடித்தால்கூட அவள் அம்மா அவளை இடம் மாற்றி உட்காரச் சொல்கிறாள்.

அதனால் வரும் ஜனவரியில் அப்பா சாமியின் பனார்தா விருந்தைப் பெரிதாகப் போடப்போகிறார். பன்றி இரண்டு, ஆட்டுக்குட்டிகள், மலை ஏறி வரும் வாத்தியக்காரர்கள், எல்லாம் பேசிவிட்டார். குறைவது ஒன்றுதான். கொப்பரைக்கு அடியில் தீ மூட்டிக் கரண்டி பிடிக்க இந்த வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும். அத்தை கட்டிக்கொடுத்துப் போனவள், அவள் கை ஆகாது. மிச்சம் இருப்பது நான்.

நேற்றுச் சாப்பிடும்போது அப்பா ரொட்டியை அறுத்துக்கொண்டே சொன்னார். "பதினாலு முடிஞ்சுது. சட்டம் கேக்குற படிப்பும் முடிஞ்சுது. லீவுக்கு அப்புறம் நீ கீழ போக வேண்டாம் லொரேத்தா. கரண்டி உனக்குத்தான்."

"விருந்து முடிஞ்சு போகலாமில்ல அப்பா?"

அத்தை சிரித்தாள். "கரண்டி எடுத்தவ எங்கடி போறது? இன்னொருத்தி வந்து கையில வாங்குற வரைக்கும் ஒரு ராத்திரிகூட இந்த அடுப்ப விட்டு வெளிய படுக்கக் கூடாது. தெரியாதா உனக்கு? உனக்கு அண்ணனா தம்பியா, அண்ணி வந்து வாங்கிக்க? வீட்டோட மாப்பிள்ளையா ஒருத்தனப் பாத்துக்கலாம். அப்புறம் உன் பொண்ணு வாங்குவா."

உனக்கு ஒன்று தெரியாது. வரும் அக்டோபரிலிருந்து கன்னியர் மடத்து விடுதியில் தங்கி ஆசிரியைப் பயிற்சி படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். நான் இன்னும் கேட்கவே இல்லை. இனி எப்படிக் கேட்பது?

அம்மா, நீ வா. நீ வந்து கரண்டியை எடுத்தால் நான் எடுக்க வேண்டாம்.

லொரேத்தா


தூரின்
17 டிசம்பர் 1963

என் லொரேத்தாவுக்கு,

உன் கடிதத்தோடு சலவை அறையில் அப்படியே நின்றுவிட்டேன். இஸ்திரிப்பெட்டி ஹோட்டல்காரரின் நல்ல விரிப்பு ஒன்றைச் சுட்டுவிட்டது. "தெற்கத்திக்காரி நின்னுக்கிட்டே தூங்குறா பாரு" என்று மேற்பார்வைக்காரி கத்தினாள். கத்தட்டும். உன் கையெழுத்து எவ்வளவு வளர்ந்துவிட்டது.

எரிக்கச் சொன்னாய். எரிக்கவில்லை. பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

நான் உனக்கு எழுதவில்லை என்றா நினைத்தாய்? ஈஸ்டருக்கு எழுதினேன். உன் பிறந்தநாளுக்கு எழுதினேன். கோடையில் ஒரு ஜோடி நீலக் காலுறை பின்னி அனுப்பினேன். எதற்கும் பதில் இல்லை. மகள் வெறுத்துவிட்டாள், அதுவும் நியாயம்தான் என்று இருந்துவிட்டேன். உன் அப்பாவின் அடுப்பு என் கடிதங்களை நன்றாகத் தின்றிருக்கிறது.

ஏன் திரும்பிப் பார்க்காமல் போனாய் என்று கேட்கிறாய். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். அவ்வளவுதான்.

மற்றதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். விருந்தன்று பொழுது சாயும்போது பான்ஃபிலோ நம் வாசலுக்கு வந்தானே, அவன் விருந்துக்கு வரவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து சேதி கொண்டு வந்தான். நூன்சியா அக்காவுக்கு நெஞ்சுவலி, என்னைக் கேட்கிறாள், உடனே வரச் சொல்கிறாள் என்று. அவனை முதலில் பார்த்தது உன் அப்பா. "உள்ள வந்து உக்காருப்பா. வாசல் தாண்டினவன் சாப்பிடாம போகக் கூடாது. சேதி எங்க ஓடிடப் போகுது? கடைசித் தட்டு வரட்டும், நானே சொல்றேன்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்தவன் எழ முடியாது. சாமி மேசை. அவனும் உட்கார்ந்துவிட்டான்.

நான் அவனுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தேன் லொரேத்தா. மொச்சை ஊற்றினேன், களி வைத்தேன், கல்லீரல் வைத்தேன், உப்புமீன் வைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன் பான்ஃபிலோ, என் சமையல் கசக்குதா?" என்று கேட்டேன். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கறி வறுவல் வைக்கும்போது அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தட்டுக்குள் அழுதான். அப்போது என்னவென்று கேட்டேன். அவன் உன் அப்பாவைப் பார்த்தான், பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கும்படி அக்காவின் சேதியைச் சொன்னான்.

நான் கரண்டியை வைத்ததும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? கோபமே இல்லாமல், மெதுவாக, "செசீதியா, தட்டு இன்னும் முடியல" என்றார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

பனியில் நடந்துதான் இறங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குத் தாடையைக் கட்டி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள்.

அந்த வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லாதே. என்னால் முடியாது. நீ இங்கே வந்தால் என் கட்டிலில் பாதி உனக்கு. 'தெற்கத்தி ஆட்களுக்கு அறை இல்லை' என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும் தெரு இது. ஆனாலும் கதவை உள்ளிருந்து நாமே பூட்டிக்கொள்ளலாம், நாமே திறந்துகொள்ளலாம்.

ஒருவேளை அந்தக் கரண்டி உன் கைக்கு வந்துவிட்டால், மொச்சைக்கு உப்பைக் கடைசியில் போடு. முதலில் போட்டால் தோல் வேகாது. அடி பிடித்தால் கிளறாதே, அப்படியே விட்டு மேலாக மொண்டு ஊற்று. இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா


ரொக்காமூத்தா
23 டிசம்பர் 1963, இரவு

அம்மாவுக்கு,

பான்ஃபிலோ மாமாவிடம் நேராகவே கேட்டேன். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "ஆமா பாப்பா. எந்திரிச்சிருக்கணும். எந்திரிச்சா சாமி குத்தமாகிடும்னு உக்காந்துட்டேன். உங்கம்மா ஒவ்வொரு தடவ ஊத்தும்போதும், ‘இப்ப சொல்லு, இப்ப சொல்லு’ன்னு உள்ள அடிச்சுக்குச்சு. வாய்க்குள்ள அவ போட்ட களி இருந்துச்சு." இந்த வருஷம் எங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்கிறார்.

"அப்படின்னா என்ன ஏத்திட்டுப் போயி ரயில்ல விட்டுருங்க மாமா" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். "உங்கப்பன் பிராது குடுத்தா, புள்ளையக் கடத்திட்டான்னு என்னை உள்ள வெச்சுருவாங்க. எனக்கும் மூணு பொண்ணு இருக்கு" என்றார்.

பள்ளிக்கூடம் மூடிவிட்டது. என் பையை அப்பா தானியப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அத்தை தினமும் என்னைக் கொப்பரைக்கு முன்னால் நிறுத்தி வெறும் தண்ணீரைக் கிளற வைக்கிறாள். "இடமிருந்து வலம்டி. எதிர்ப்பக்கம் கிளறினா செத்தவங்களுக்குப் போகும்." தண்ணீரைக் கிளறி என் தோள் வீங்கிவிட்டது. பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். "தோளு பத்தாது, ஆனா பொறுமை இருக்கு" என்று ஒருத்தி. "அம்மா மாதிரி பாதியில போட்டுட்டு ஓடாம இருந்தா சரி" என்று இன்னொருத்தி. மாடு வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

நான் கடைக்குப் போனால் அத்தை பின்னாலேயே வருகிறாள். கழிப்பிடத்துக்குப் போனாலும் கதவுக்கு வெளியே ஜெபமாலை சத்தம் கேட்கிறது. இனிக் கோயில் கூட்டத்தில்தான் மாமாவிடம் கடிதம் கைமாற வேண்டும். பனியால் ஊரும் சின்னதாகிவிட்டது. ஜன்னலில் பாதிக்கு மேல்தான் வெளிச்சம் வருகிறது. சில நேரம் நான் கொப்பரைக்குள் நின்று மேலே பார்ப்பதுபோல் இருக்கிறது.

அப்பா கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். நேற்று யாரும் இல்லாதபோது உன் நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுத்தியலை மறைத்தார். அவருக்குச் சாமியிடம் பயம். ஊரிடம் அதைவிடப் பயம். பயந்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, நானும் பயந்தவள்.

நீ சொன்னதெல்லாம் படித்தேன். உன்னைக் கேட்கக்கூடாதுதான். ஆனாலும் கேட்கிறேன். ஒரே ஓர் இரவு வா. விருந்து முடிந்ததும் விடியலில் போய்விடு. உன் கை பட்டுவிட்டால் கரண்டி உன்னுடையதாகவே இருக்கும், எனக்கு வராது. நீ எங்கே இருந்தாலும் அது உன்னுடையதாக இருக்கட்டும்.

லொரேத்தா


தூரின்
30 டிசம்பர் 1963

என் லொரேத்தாவுக்கு,

நீ கொப்பரைக்குள் நின்று பார்ப்பதாக எழுதிய வரியைப் பலமுறை படித்துவிட்டேன். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

பங்குச் சாமியார் எலீயோவுக்கு எழுதிவிட்டேன். உன் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, பயப்படாதே. நானாக மனம் திருந்தியதுபோல் எழுதினேன். விருந்துக்கு வந்து கரண்டி எடுக்கிறேன், ஊர் முன்னால் மன்னிப்பும் கேட்கிறேன், பதிலுக்கு லொரேத்தாவைப் படிக்க விட வேண்டும், இதை என் புருஷன் பெரார்தீனோ உங்கள் முன்னால் ரொட்டியைத் தொட்டுச் சொல்ல வேண்டும் என்று.

ஒரு இரவு மட்டும் வா என்கிறாய். நீ இன்னும் குழந்தைதான். அந்த வீட்டில் ஒரு இரவு என்று ஒன்று கிடையாது. வந்தால் இருக்கத்தான் வருவேன். பயப்படாதே, நான் அங்கே பதினாறு வருஷம் இருந்தவள்தானே. அந்தச் சுவர்களுக்கு என்னைத் தெரியும்.

இங்கே அறையில் இருக்கும் பெண் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். "அக்கா, புத்தி கெட்டுப்போச்சா? கூண்டத் திறந்து வெளிய வந்த கோழி, தானே உள்ள போயி உக்காருமா?" என்கிறாள். குஞ்சு உள்ளே இருந்தால் உட்காரும் என்று சொன்னேன்.

அம்மா


ரொக்காமூத்தா
6 ஜனவரி 1964, இரவு

அம்மா அம்மா அம்மா,

இன்று பூசை முடிந்து சாமியார் வீட்டுக்கே வந்தார். சாமியாரையே பார்த்துக்கொண்டு அத்தை ஊற்றிய ஒயின் வழிந்து மேசை விரிப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது. சாமியார் உன் கடிதத்தை உரக்கப் படித்தார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு ரொட்டியை எடுத்து முத்தமிட்டு, "அவ வரட்டும். பொண்ணு படிக்கட்டும். சாமி சாட்சி" என்றார்.

அம்மா, நான் எழுந்துபோய்க் கோழிக்கூட்டில் நின்று அழுதேன். நெடுநாளில் முதல்முறையாக அத்தை என் பின்னால் வரவில்லை.

என் பை திரும்பக் கிடைத்துவிட்டது. உன் பெயரும் திரும்பிவிட்டது. "செசீதியா மொச்சைய எங்க வைப்பா?" "செசீதியாவுக்கு அந்தப் பெரிய ஏப்ரன்தான் பிடிக்கும்." அத்தை நாள் முழுக்க உன் பெயரை மெல்லுகிறாள், இத்தனை நாள் பட்டினி கிடந்தவள்போல்.

இப்போது சொல்லலாம், இதுவரை வெட்கப்பட்டு எழுதவில்லை. எனக்கு விருந்துமேல் ஆசையாக இருக்கிறது. பன்றி வெட்டியாகிவிட்டது. உத்தரத்தில் தொத்திறைச்சி வரிசையாகத் தொங்கி என் படுக்கைக்கு மேல் சொட்டுகிறது, தலையெல்லாம் பூண்டும் மிளகாயும் மணக்கிறது. செப்புக் கொப்பரையைச் சாம்பலும் காடியும் போட்டு நானும் அத்தையும் தேய்த்தோம், இப்போது முகம் பார்க்கலாம். மாவுப் பலகையை இறக்கியாகிவிட்டது. இரும்பு அச்சில் சோம்பு போட்ட பிஸ்கோத்தும் சுட ஆரம்பித்துவிட்டோம். கருகியதெல்லாம் எனக்கு. சாமிக்கு முன்னால் சாப்பிடக்கூடாது, கருகியது கணக்கில்லை. திருவிழாவுக்கு முந்தின ராத்திரி வாத்தியக்காரர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும்போது நீ கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்பாய், நான் உன் பக்கத்தில் நிற்பேன். முழங்கை இடித்துக்கொள்ளும். "தள்ளி நில்லுடி, தீ படும்" என்பாய். சொல், அம்மா. அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இன்று சாயங்காலம் கொல்லர் வந்து தெருக் கதவுக்குப் புதிதாக ஒரு பெரிய தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். ஓநாய்கள் இறங்கியிருக்கின்றன என்றார் அப்பா. இறங்கித்தான் இருக்கின்றன, மேட்டில் இரண்டு ஆடு போய்விட்டது.

எந்த நாள் வருவாய்? உடனே எழுது.

உன் லொரேத்தா


தூரின்
10 ஜனவரி 1964

என் லொரேத்தாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், தபால் போய்ச் சேர வேண்டும். சாமியாரின் பதில் வந்தது. பதினாறாம் தேதி பான்ஃபிலோவின் காலை வண்டியில் மேலே வருகிறேன். நேராகக் கொப்பரைக்கு வந்துவிடுவேன், தீ மூட்டும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். மலையில் பெரிய பனி வரப்போகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். பாதை அடைபடும் போலிருந்தால் முன்னாலேயே கிளம்பப் பார்க்கிறேன்.

ஹோட்டலில் சொல்லிவிட்டேன். என் கட்டிலுக்கு ஒரு கலாப்ரியாக்காரி வந்துவிட்டாள். மேற்பார்வைக்காரி, "போறியா? போ. உன்னை மாதிரி சட்டைக் கழுத்துக்கு இஸ்திரி போட இங்க எவளும் இல்ல" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. கிளம்பும்போதுதான் சொல்வார்கள்.

உனக்கு ஒரு பேனாவும், கன்னியர் மடத்தில் போட்டுக்கொள்ள வெள்ளைக் காலர் இரண்டும் வாங்கியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கும் பசிக்கிறது. இங்கே மொச்சையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள், பாவிகள்.

தள்ளி நில்லுடி, தீ படும். இப்போதே சொல்லிவிட்டேன். நேரிலும் சொல்கிறேன்.

அம்மா


ரொக்காமூத்தா
13 ஜனவரி 1964, இரவு

அம்மா,

வராதே.

இந்தக் கடிதம் தூரினுக்கு வராது, அதற்கு நேரமில்லை. நாளைக் காலை பான்ஃபிலோ மாமாவிடம் கொடுத்துவிடுவேன். பதினாறாம் தேதி நீ அவெஸ்ஸானோவில் ரயிலை விட்டு இறங்கியதும் அவர் உன் கையில் கொடுப்பார். ரயிலடியிலேயே நின்று படி. பஸ்ஸில் ஏறாதே.

நான் சமையலறையில் இருக்கிறேன். மொச்சையை ஊறவைத்திருக்கிறோம், உறையாமல் இருக்க அடுப்பைக் காத்துக்கொண்டு இங்கேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா மாடியில் தூங்குகிறார். மெழுகுவர்த்தி வைக்கவில்லை, அடுப்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சாயங்காலம் போலீஸ் அதிகாரி வந்தார், அந்த மீசைக்கார மரேஷால்லோ. அப்பா அவருக்குப் புதுத் தொத்திறைச்சி அறுத்து வைத்தார். நான் கொல்லையில் விறகு எடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்துப் பேசினார்கள். நான் கதவுக்குப் பின்னால் விறகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போனது. கீழே வைத்தால் சத்தம் கேட்கும்.

"பிராது எழுதி உங்க மேசையில இருக்குல்ல?" என்றார் அப்பா.

"இருக்கு பெரார்தீனோ. வீட்டையும் புருஷனையும் விட்டுட்டு ஓடினவ. அவ உள்ள வந்தா நான் அத அப்படியே வெச்சுக்கறேன். திரும்பக் காலை வெளிய வெச்சா அனுப்பிடறேன். ஜட்ஜுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"வெளிய வெக்க மாட்டா. அடையாளச் சீட்ட நான் வாங்கி வெச்சுக்குவேன். தாழ்ப்பாளும் போட்டாச்சு."

அத்தை கேட்டாள், "பொண்ணு படிப்பு? சாமியார்கிட்ட ரொட்டியத் தொட்டுச் சொன்னியே?"

"படிக்கட்டும்னுதான் சொன்னேன். இந்த வருஷம்னு சொன்னேனா? கன்னியர் மடத்துலன்னு சொன்னேனா? வீட்ல உக்காந்து ஜெபப் புத்தகம் படிக்கட்டும்." மரேஷால்லோ சிரித்ததில் புரையேறிவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் வேணும் எர்சீலியா. ஒருத்திய விட்டா இன்னொருத்தியும் போயிடுவா. இந்த மேசையிலருந்து இனிமே யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றார். குரல் அழுவதுபோல் இருந்தது. அவர் அழுதிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தாழ்ப்பாள் ஒன்றுதான்.

முதலில், நீ வராவிட்டால் நானே கரண்டியை எடுத்துக்கொள்கிறேன், நீ தூரினிலேயே இரு, ஒருத்தியாவது வெளியில் இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை, அம்மா. எனக்கும் வெளியே வர வேண்டும்.

கேள். இருட்டும் நேரத்தில் கிணற்றடியில் பான்ஃபிலோ மாமாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். "போன வருஷம் உக்காந்தே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "பதினாறாந்தேதி விடியக்காலை விருந்து ரொட்டி வாங்க உன்ன பேக்கரிக்கு அனுப்புவாங்கல்ல? பேக்கரி வாசல்லதான் என் வண்டி நிக்கும். பின்கதவு தாழ் போட்டிருக்காது. ஏறி சீட்டுக்கடியில படுத்துக்க. உள்ள வெச்சா வெக்கட்டும், அங்கயும் சோறு போடுவான்" என்றார்.

அதனால் நீ மேலே வராதே. நான் கீழே வருகிறேன். ரயிலடியில் நில், வடக்கே போகும் வண்டிக்கு எனக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்து வை. கலாப்ரியாக்காரி கட்டிலைத் தராவிட்டால் தரையில் படுக்கலாம். நானும் இஸ்திரி போடுவேன். படிப்பைப் பிறகு பார்க்கலாம். அந்தக் கதவை நாமே பூட்டி நாமே திறக்கலாம் என்று எழுதினாயே, எனக்கு அது போதும்.

இன்னும் இரண்டு பகல்தான். நாளை பன்றித் தலை வேகவைக்க வேண்டும், மறுநாள் களிக்கு மாவு சலிக்க வேண்டும். நான் நல்ல பெண்ணாக எல்லாவற்றையும் செய்வேன். இடமிருந்து வலமாகவே கிளறுவேன். யாருக்கும் சந்தேகம் வராது.

வெளியே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. பாதை அடைபடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அடைபட்டால் பஸ் இறங்காது. அடைபடக்கூடாது என்று வனத்து அந்தோணியாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய விருந்தை விட்டு ஓட அவரிடமே உதவி கேட்பது

யாரோ தெருக் கதவைத் தட்டுகிறார்கள்.

இந்த நேரத்தில், இந்தப் பனியில் யார். மரேஷால்லோ என்றால் நாய் குரைத்திருக்கும். அது சாமியாரைப் பார்த்துக்கூடக் குரைக்கும். வாசலிலேயேதான் கட்டியிருக்கிறோம். குரைக்கவில்லை. வாலால் கதவை அடிக்கிறது.

மறுபடியும் தட்டுகிறார்கள், மெதுவாக. மாடியில் கட்டில் சத்தம். அப்பா எழுந்துவிட்டார். "லொரேத்தா, நீ இரு, நான் தொறக்கறேன்" என்கிறார். படியில் இறங்குகிறார். பனி வந்தால் முன்னாலேயே கிளம்புவதாக எழுதினாயே. அம்மா, அது நீயாக இருந்தால்